வெளியே சாப்பிடப் போகலாமா? வின்னிபெக் செல்லும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

(நம் சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் இடம்பெறுகிறது.)



நம் வளாகத்தில் கனடாவுக்குப் போகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். முன்பெல்லாம் கனடா என்றால் டொரண்டோ, வான்கூவர் என்று இரண்டு பெயர்தான் காதில் விழும். இப்போது பிள்ளைகள் வேலையும் வீடும் தேடி உள்நாட்டுச் சமவெளிக்குப் போய்விட்டார்கள். கல்கரி, எட்மன்டன், சஸ்கட்டூன், ரெஜைனா, வின்னிபெக் என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் ஒரு புதுப் பெயர் கேட்கிறேன். என் மகள் இருப்பது வின்னிபெக்கில். இரண்டு தடவையாகப் பதினோரு மாதம் அங்கே இருந்திருக்கிறோம். "ஊர் சுற்றிய கதை வேண்டாம் மேடம், வெளியே சாப்பிடுவதைப் பற்றி மட்டும் சொல்லுங்கள், அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்" என்றார் நம் செயலாளர். அதனால் இன்றைக்குச் சாப்பாடு மட்டும்தான்.

நான் மீன், கோழி சாப்பிடுவேன். என் வீட்டுக்காரர் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஆகையால் இரண்டு கட்சிக்கும் பொதுவாகப் பேச எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

எதற்காக வெளியே சாப்பிட வேண்டும்?

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் அங்கே போய் ஆறு மாதமும் வீட்டுக்குள்ளேயே தயிர் சாதமும் ஊறுகாயுமாக இருந்துவிட்டுத் திரும்புகிறோம். பிள்ளைகள் கூப்பிட்டால், "எதுக்குப்பா செலவு, நான் ஒரு ரசம் வச்சிடறேன்" என்கிறோம். மெனு அட்டையில் 18 டாலர் என்று பார்த்தவுடன் மனசு அறுபது சொச்சத்தால் பெருக்கிவிடுகிறது. ஒரு தட்டு ஆயிரம் ரூபாய்க்கு மேலா என்று தொண்டையில் அடைக்கிறது.

பிள்ளைகள் பக்கம் நின்று பாருங்கள். வாரம் முழுக்க வேலை. வெளியே மைனஸ் 25. சனிக்கிழமை ஒரு நாள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், தான் வாழும் ஊரைக் காட்ட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. அங்கே கோயில் கோபுரமும் தேரோடும் வீதியும் கிடையாது. அவர்கள் நமக்குக் காட்டக்கூடிய ஊர் பெரும்பாலும் ஒரு சாப்பாட்டு மேஜைதான். அதை வேண்டாம் என்று சொல்லும்போது, அவர்கள் கட்டியிருக்கும் வாழ்க்கையைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னதுபோல் ஆகிவிடுகிறது. அவர்கள் சம்பளம் டாலரில். நாமும் அங்கே இருக்கும்வரை டாலரிலேயே யோசிப்போம்.

இன்னொரு விஷயம், நம் சொந்தக் கால். கார் ஓட்டத் தெரியாது, அக்கம்பக்கம் பழக்கமில்லை, எதற்கெடுத்தாலும் மகளையும் மருமகனையும் எதிர்பார்க்க வேண்டும். இதுதான் அங்கே பெரியவர்களை வாட்டுகிற விஷயம். தானாக நடந்து போய், தானாக ஒரு டீ கேட்டு வாங்கி, தன் கையால் காசு கொடுத்துவிட்டு வருகிற மனிதருக்கு அந்த ஊர் பாதி சொந்தமாகிவிடுகிறது. என் வீட்டுக்காரரிடம் இதை நான் கண்ணால் பார்த்தேன். நாலாவது மாதம் அவர் தனியாகத் தெருமுனைக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்த அன்று, வீட்டில் அவர் குரலே ஒரு கட்டை ஏறியிருந்தது.

அந்த ஊர் அப்படிச் சாப்பிடுவது ஏன்?

வின்னிபெக், மானிடோபா மாகாணத்தின் தலைநகரம். ஏறக்குறைய ஏழரை லட்சம் பேர். செந்நதி என்று சொல்லலாம், ரெட் நதியும் அசினிபோயின் நதியும் கூடுகிற இடம். சமவெளி என்றால் தட்டில் மாவைத் தட்டி வைத்ததுபோல அப்படி ஒரு சமவெளி. ஜனவரியில் இரவு வெப்பநிலை சராசரியாக மைனஸ் 20-ஐத் தொட்டு நிற்கும், சில நாள் மைனஸ் 30-க்கும் கீழே இறங்கும். ஜூலையில் 30 டிகிரி வெயிலும் உண்டு.

விளைச்சல் காலம் சில மாதம்தான். அதனால் அந்த மண்ணின் பழைய சாப்பாடு எல்லாம் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்கக்கூடிய பொருள்களால் ஆனது: கோதுமை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீட்ரூட், வெங்காயம், உலர்த்திய இறைச்சி, புகையிட்ட மீன்.

நமக்கும் அந்த மண்ணுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. நம் சமையலறை டப்பாவில் இருக்கும் மைசூர் பருப்பு, பட்டாணிப் பருப்பு இரண்டிலும் பக்கத்து மாகாணமான சஸ்காட்செவனில் விளைந்தது நிறையக் கலந்திருக்கும். கடுகும் அங்கே பெருமளவு விளைகிறது. ஜூலையில் சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது கனோலா, கடுகின் நெருங்கிய உறவு. 1970-களில் மானிடோபா, சஸ்காட்செவன் விஞ்ஞானிகள் உருவாக்கிய பயிர் அது. பருப்பு அங்கே விளைந்தாலும் அங்கத்திய ஹோட்டல் மெனுவில் பருப்பைத் தேடினால் கிடைப்பது அரிது. நமக்கு ஏற்றுமதி செய்துவிட்டு அவர்கள் உருளைக்கிழங்கு சாப்பிடுகிறார்கள்!

என்னென்ன சாப்பிடலாம்?

பெரோகி. இதைத்தான் முதலில் சொல்வேன். 1891 முதல் உக்ரைன் பகுதியிலிருந்து விவசாயக் குடும்பங்கள் நிலம் தேடி இங்கே வந்தன. 160 ஏக்கர் நிலம் பத்து டாலர் பதிவுக் கட்டணத்தில் கிடைத்தது. காட்டைத் திருத்தி, சில ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து உழ வேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் கொண்டுவந்தது பெரோகி. பார்க்க நம் சோமாசி, பக்குவத்தில் நம் கொழுக்கட்டை. கோதுமை மாவுக்குள் உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து மூடி, வேகவைத்து, வெண்ணெயில் வெங்காயத்தோடு லேசாகப் புரட்டித் தருவார்கள். தொட்டுக்கொள்ளப் புளித்த க்ரீம். சைவர்களுக்கு ஏற்றது, ஒரே ஒரு எச்சரிக்கையுடன்: மேலே பன்றி இறைச்சித் தூளைத் தூவுவார்கள். "நோ பேக்கன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாவில் முட்டை உண்டா என்றும் கேளுங்கள், சில இடங்களில் சேர்ப்பார்கள். மிளகாய்ப் பொடி ஒரு சின்ன டப்பாவில் கைப்பையில் இருந்தால் இன்னும் விசேஷம்.

1874-இலிருந்து வந்த மென்னோனைட் மக்களும் இதையே வேறு பெயரில், உள்ளே பாலாடைக்கட்டி வைத்துச் செய்கிறார்கள். அதன்மேல் ஊற்றும் வெள்ளைக் குழம்பு இறைச்சி வறுத்த சட்டியில் செய்ததாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸ் இலையில் அரிசியைச் சுருட்டித் தக்காளிச் சாற்றில் வேகவைத்த உருண்டைகளும் உக்ரைன் கடைகளில் கிடைக்கும். அரிசி மட்டும் வைத்ததும் உண்டு, இறைச்சி கலந்ததும் உண்டு.

மீன். வின்னிபெக் ஏரி கடல் மாதிரி. அங்கே பிடிபடும் பிக்கரல் என்கிற மீன் வெள்ளைச் சதை, முள் குறைவு, வாசனையும் அதிகமில்லை. மாவில் தோய்த்து வெண்ணெயில் பொரித்துத் தருவார்கள். அதன் கன்னச் சதையைத் தனியாக எடுத்து விற்பார்கள், அதற்குப் பெரிய மவுசு. மீன் தலைக்குச் சண்டை போட்டு வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோல்ட்ஐ என்று இன்னொரு மீன், புகையிட்டுச் சிவப்பேற்றி விற்பார்கள். அந்த ஊர் பேஸ்பால் அணிக்கே இந்த மீனின் பெயர்தான்.

பேனக்கும் காட்டரிசியும். அந்த நிலத்தின் ஆதி மக்களை மறந்துவிட்டுச் சாப்பாட்டைப் பேச முடியாது. நதிகள் கூடும் இடத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவர்கள் கூடி வணிகம் செய்திருக்கிறார்கள். காட்டெருமை இறைச்சியை உலர்த்திப் பொடித்து, கொழுப்பும் காட்டுப் பழமும் சேர்த்துச் செய்த பெமிக்கன்தான் ரோம வணிகர்களின் படகுகளுக்குக் கட்டுச்சோறு. பிறகு காட்டெருமைக் கூட்டங்கள் அழிக்கப்பட்டன, மக்கள் ஒதுக்கப்பட்ட சிறு நிலங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். அரசு படியளந்த கோதுமை மாவும் கொழுப்பும்தான் மிச்சம். அதை வைத்துச் சுட்ட ரொட்டி, பேனக். இன்று அதைப் பெருமையோடு விருந்தில் பரிமாறுகிறார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, பெர்ரி ஜாமோடு சாப்பிட்டால் அருமை. பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால் சைவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடவும். காட்டரிசி என்பது ஏரியில் படகில் போய்த் தட்டி எடுக்கும் ஒருவகை நீர்ப்புல்லின் தானியம். கருப்பாக, நீளமாக, மெல்லும்போது கொட்டை வாசனையோடு இருக்கும்.

ஊருக்கே உரிய சில. பதின்பருவப் பேரக்குழந்தைகள் உங்களை 'ஃபேட் பாய்' பர்கருக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். கிரேக்கக் குடும்பங்கள் நடத்திய கடைகளில் வளர்ந்தது. மேலே கறிக் குழம்பு வழியும், சைவர்களுக்கு அங்கே வேலையில்லை, உருளைக்கிழங்கு வறுவலோடு திருப்திப்பட வேண்டும். கோழி வறுவலுக்குத் தேனும் சோயிக்கீரையும் சேர்த்த 'ஹனி டில்' என்ற சாஸ் தருவார்கள். அந்த மாகாணத்தைத் தாண்டினால் யாருக்கும் அது தெரியாது. 1931 முதல் இருக்கும் சாலிஸ்பரி ஹவுஸ் என்ற உள்ளூர் உணவகத்தில் பர்கருக்குப் பெயரே வேறு, 'நிப்' என்பார்கள்.

இனிப்பு என்றால் ஐஸ்லாந்திலிருந்து 1875-இல் ஏரிக்கரையில் குடியேறியவர்களின் வினார்டெர்டா. அடுக்கடுக்கான கேக், நடுவில் உலர்ந்த பிளம்ஸ் பழ விழுது. வாயில் வைத்ததும் நம் பாயசம் ஞாபகம் வரும், காரணம் அதில் ஏலக்காய்! யூதக் குடும்பங்களின் பேக்கரி வழியே வந்த ஷ்மூ டார்ட், சஸ்கட்டூன் பெர்ரி பை என்று இன்னும் உண்டு. எல்லாவற்றிலும் முட்டையோ கொழுப்போ இருக்க வாய்ப்பு அதிகம். குளிர் மைனஸ் 30 இருக்கும்போதும் அந்த ஊர்க்காரர்கள் ஐஸ் கலந்த ஸ்லர்ப்பியை உறிஞ்சிக்கொண்டு போவார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலக ஸ்லர்ப்பி தலைநகரம் என்று பட்டம் வாங்கிய ஊர். நீங்கள் பார்த்து ரசித்தால் போதும், தொண்டை முக்கியம்.

எங்கே போகலாம்?

முதல் தடவைக்கு என் சிபாரிசு, தி ஃபோர்க்ஸ் என்னும் நதிக்கூடல் சந்தை. பழைய ரயில்வே லாயங்களைச் சேர்த்து 1989-இல் சந்தையாக்கினார்கள். ஒரே கூரைக்குக் கீழ் பல நாட்டுக் கடைகள். ஆளுக்கு ஒன்று வாங்கி ஒரே மேஜையில் சாப்பிடலாம். கவுண்டரில் பார்த்து, கைநீட்டிக் காட்டி வாங்கலாம். மொழிப் பயமே வேண்டாம். குளிர்காலத்தில் வெளியே நதி உறைந்து சறுக்குப் பாதையாகிவிடும், ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

எல்லிஸ், சார்ஜென்ட் என்ற இரண்டு தெருக்களில் வியட்நாம், எத்தியோப்பியா, பிலிப்பைன்ஸ் சாப்பாடு வரிசையாகக் கிடைக்கும். எத்தியோப்பியச் சாப்பாட்டை நம்மவர்களுக்குக் கட்டாயம் சொல்வேன். புளித்த மாவில் வார்த்த பெரிய தோசை, அதன்மேல் காரமான பருப்பும் காய்கறியும், கையாலேயே பிய்த்துச் சாப்பிட வேண்டும். நோன்பு நாள் தட்டு என்று கேட்டால் முழுச் சைவம். பிலிப்பைன்ஸ்காரர்கள் அந்த ஊரில் மிக அதிகம். ஜாலிபீ என்ற அவர்களுடைய கடை, கனடாவில் தன் முதல் கிளையை 2016-இல் வின்னிபெக்கில்தான் திறந்தது.

நதிக்கு அக்கரையில் செயின்ட் போனிஃபேஸ், பிரெஞ்சு பேசும் பகுதி. பிப்ரவரித் திருவிழாவில் சுடுகிற மேப்பிள் பாகைப் பனியின்மேல் ஊற்றி, குச்சியில் சுற்றித் தருவார்கள். நம் கம்மர்கட்டின் பணக்காரச் சொந்தம். ஆகஸ்டில் இரண்டு வாரம் ஃபோக்லோராமா. 1970 முதல் நடக்கிறது. ஒவ்வொரு நாட்டுச் சமூகமும் ஒரு மண்டபம் எடுத்து ஆட்டமும் பாட்டும் சாப்பாடுமாக நடத்தும். ஆகஸ்டில் அங்கே இருந்தால் தவறவிட வேண்டாம். கோடையில் சனிக்கிழமை செயின்ட் நார்பர்ட் விவசாயிகள் சந்தை. இலையுதிர் காலத்தில் சுற்றுப்புற ஊர்களின் தேவாலயக் கூடங்களில் ஊர் விருந்து நடக்கும், தன்னார்வப் பாட்டிமார்களே சமைத்துப் போடுவார்கள்.

போனதும் நடப்பது என்ன?

வாசலில் நில்லுங்கள். நேராகப் போய்க் காலி நாற்காலியில் உட்காரக் கூடாது. ஒருவர் வந்து, எத்தனை பேர் என்று கேட்டு அழைத்துப் போவார். நம் ஊர்போல் முன்பின் தெரியாதவர் மேஜையில் பங்கு போடும் வழக்கம் இல்லை. கவுண்டரில் வாங்கும் கடைகளில் மட்டும் நாமே இடம் பிடிக்கலாம்.

ஐஸ் போட்ட தண்ணீர் வந்துவிடும். இலவசம், குழாய்த் தண்ணீர்தான், தாராளமாகக் குடிக்கலாம். "நோ ஐஸ்" என்று முதலிலேயே சொல்லுங்கள். வெந்நீர் கேட்டாலும் தருவார்கள். கோலா, சோடா வகைக்கு அங்கே 'பாப்' என்று பெயர். கை கழுவ வெளியே குழாய் இருக்காது, 'வாஷ்ரூம்' என்று கேட்டுப் போக வேண்டும்.

பரிமாறுகிறவரைக் கைதட்டியோ "ஹலோ" என்று உரக்கவோ கூப்பிட வேண்டாம். பார்வையைப் பிடித்து லேசாகக் கையை உயர்த்தினால் போதும். பாதிச் சாப்பாட்டில் அவரே வந்து எப்படி இருக்கிறது என்று கேட்பார். அது சம்பிரதாயம். ஆனால் நிஜமாகவே குறை இருந்தால் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான்.

அளவு பெரிது. ஒரு தட்டு நம்மில் இரண்டு பேருக்குப் போதும். இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறோம் என்று சொன்னால் இன்னொரு வெறும் தட்டு தருவார்கள். மிச்சத்தை எடுத்துப் போக "பாக்ஸ்" கேளுங்கள், அதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை, பக்கத்து மேஜைக்காரரும் அதைத்தான் செய்வார். சர்க்கரை உள்ளவர்கள் தட்டு வந்ததும் பாதியைப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. இன்சுலின் போடுகிறவர்கள் தட்டு மேஜைக்கு வரும்வரை பொறுங்கள், கூட்டமான நாளில் சமையலறை தாமதிக்கும்.

நேரம் முக்கியம். மதியச் சாப்பாடு பதினொன்றரையிலிருந்து ஒன்றரை, இரவுச் சாப்பாடு ஐந்திலிருந்தே ஆரம்பம். ஜூன் மாதம் இரவு ஒன்பதரைக்கும் வெயில் அடிக்கும், இன்னும் நேரமிருக்கிறது என்று போனால் பல இடங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், பெரியவர்களுக்கு அப்போது மதியச் சாப்பாடே சௌகரியம். நகர மையத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் மூடிய நடைபாதைப் பாலங்கள் உண்டு, பனியில் கால் வைக்காமலே கடைக்குக் கடை போகலாம்.

பில்லும் டிப்ஸும்

மெனுவில் போட்ட விலை முழு விலை இல்லை. மானிடோபாவில் மத்திய வரி 5, மாகாண வரி 7, ஆக 12 சதவீதம் சேரும். சஸ்காட்செவனில் 11. அல்பர்ட்டாவில் மாகாண வரி கிடையாது, 5 மட்டும்.

அதற்குமேல் டிப்ஸ். மேஜையில் வந்து பரிமாறும் கடைகளில் 15 முதல் 20 சதவீதம் வழக்கம். ஒரு கணக்கு: சாப்பாடு 40 டாலர், வரி 4.80, வரிக்கு முந்தைய தொகையில் 15 சதவீதம் டிப்ஸ் 6 டாலர், மொத்தம் 50.80. ஆக மெனுவில் பார்த்த விலையோடு கால் பங்கைக் கூட்டி வைத்துக்கொண்டால், பில் வரும்போது முகம் மாறாது.

கார்டு இயந்திரம் 15, 18, 20 என்று எண்களைக் காட்டும். வேறு தொகை போடவும் ஒரு பொத்தான் உண்டு. நீங்களே கவுண்டரில் வாங்கும் இடத்திலும் அது டிப்ஸ் கேட்கும். அங்கே கட்டாயமில்லை, வேண்டாம் என்று அழுத்தலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பெரிய கூட்டமாகப் போனால் பில்லிலேயே டிப்ஸ் சேர்த்துவிடும் கடைகள் உண்டு, பார்த்துவிட்டுக் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்கிவிடுவார்கள். ஒரு சென்ட் நாணயத்தை 2013-இல் புழக்கத்திலிருந்து விலக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊர் வங்கிக் கார்டை எடுத்துப் போகிறவர்கள், வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன் திறந்துவிடுங்கள்.

டிப்ஸ் தண்டம் என்று முணுமுணுக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத் தட்டைக் கொண்டுவரும் பெண், பஞ்சாபிலிருந்தோ மணிலாவிலிருந்தோ கொச்சியிலிருந்தோ படிக்க வந்த பிள்ளையாக இருக்கலாம். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் முதல் வருஷம் அப்படித்தான் தட்டு தூக்கினார்கள். நம்மிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சைவர்களுக்கு

"வெஜிடேரியன்" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். காய்கறி சூப் என்று மெனுவில் இருக்கும், அதன் அடிப்படை கோழிச் சாறாக இருக்கும். எங்களுக்கு ஒரு கடையில் இப்படி வரவிருந்தது. கேட்டதும் பரிமாறிய பையன் உள்ளே போய் விசாரித்து உண்மையைச் சொன்னான். கேட்டால் சொல்வார்கள், அந்த நேர்மை உண்டு. கேட்கக் கூச்சப்படுவதுதான் நம் பிரச்சினை.

கவனிக்க வேண்டியவை: பூட்டீன் என்ற உருளைக்கிழங்கு வறுவலின்மேல் ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாறு. சீசர் சாலட்டில் நெத்திலி மீன் விழுது. சீசர் என்ற பெயரில் ஒரு மதுபானமும் உண்டு, அதில் சிப்பிச் சாறு. பை மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். மார்ஷ்மெல்லோவிலும் சில வகைத் தயிரிலும் ஜெலட்டின். வறுவல் எண்ணெய் பெரும்பாலும் கனோலாதான், ஆனால் அதே எண்ணெயில் கோழியும் பொரிந்திருக்கும்.

ஒரு சின்ன அட்டையில் இப்படி ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நோ மீட், நோ ஃபிஷ், நோ எக், நோ சிக்கன் ப்ராத், நோ ஜெலட்டின். பேச வேண்டியதே இல்லை, நீட்டினால் போதும். என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் அந்த அட்டை இன்னும் இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்கள், குறிப்பாக வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள், அதை உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். அங்கே அதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள்.

டீ, காபி

டிம் ஹார்ட்டன்ஸ் கடை தெருவுக்குத் தெரு இருக்கும். ஒரு ஹாக்கி வீரர் பெயரில் 1964-இல் ஒன்டாரியோவில் தொடங்கியது. 'டபுள் டபுள்' என்றால் இரண்டு பங்கு க்ரீம், இரண்டு பங்கு சர்க்கரை போட்ட காபி. சர்க்கரை உள்ளவர்கள் அந்த வார்த்தையையே உச்சரிக்க வேண்டாம்! "ஸ்டீப்ட் டீ, டூ மில்க், நோ ஷுகர்" என்று கேளுங்கள். க்ரீம் என்று சொல்லிவிட்டால் வாயில் ஆடை படியும். 'சாய்' என்று எழுதியிருப்பது நம் டீ இல்லை, ஏலக்காய், பட்டை வாசனையோடு தித்திப்பான ஒரு பானம்.

காலை வேளையில் போனால் உள்ளூர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் ஒரு டீயை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டு நாள் சிரித்தால் மூன்றாம் நாள் அவர்களே பேசுவார்கள். பேச ஆரம்பிக்க அங்கே ஒரே தலைப்பு போதும்: குளிர்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

*கையால் சாப்பிடலாமா?* பர்கர், பீட்சா, வறுவல் எல்லாம் எல்லோரும் கையால்தான் சாப்பிடுகிறார்கள். இந்திய, எத்தியோப்பியக் கடைகளிலும் தயக்கம் வேண்டாம். மற்ற இடங்களில் முள்கரண்டி. வீட்டில் நாலு நாள் பழகினால் வந்துவிடும்.

*நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா?* கிடைக்கும். இந்தியக் கடைகளில் பஞ்சாபி வகைதான் அதிகம். தோசை, இட்லி போடும் கடைகளும் உண்டு. காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். "மீடியம்" என்றால் நமக்குச் சப்பென்று இருக்கும், தைரியமாக "ஹாட்" சொல்லுங்கள். ஆனால் பல ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் போயும் தோசையே தேடுவது, வாரத்துக்கு ஒரு முறை போதும் என்பது என் கருத்து.

*பில்லை நாம் கொடுக்கலாமா?* கட்டாயம் ஒரு முறையாவது கொடுங்கள். பில் கேட்கும்போது சேர்த்தா, தனித்தனியாகவா என்று கேட்பார்கள். "டுகெதர்" என்று சொல்லிவிட்டு, பிள்ளை கார்டை எடுப்பதற்குள் நீங்கள் நீட்டிவிடுங்கள். மாப்பிள்ளை பதறுவார், பரவாயில்லை.

*யாராவது 'சோஷியல்' என்று அழைத்தால்?* அது மானிடோபாவுக்கே உரிய வழக்கம். கல்யாணம் ஆகப்போகும் ஜோடிக்குப் பணம் சேர்க்க, மண்டபம் எடுத்து, டிக்கெட் போட்டு, பாட்டும் ஆட்டமுமாக நடத்துவார்கள். நள்ளிரவை நெருங்கும்போது ரொட்டி, சீஸ், ஊறுகாய் வைப்பார்கள். நம் மொய் விருந்து மாதிரிதான். கூப்பிட்டால் போய் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. அங்கே போய் இறங்கிய முதல் வாரமே ஒரு பட்டியல் போடுங்கள். பிள்ளைகளிடம், "நீ இந்த ஊருக்கு வந்த புதிதில் எங்கே சாப்பிட்டாய்? உனக்குப் பிடித்த கடை எது? அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்று கேளுங்கள். போகும் வழியில், இதுவரை நீங்கள் கேட்டிராத ஒரு கதையை அவர்கள் சொல்வார்கள். எங்களுக்குச் சொன்னாள்.

அடுத்த மாதம் ரெஜைனா புறப்படும் சி பிளாக் தம்பதியருக்கு என் வாழ்த்துகள். மிளகாய்ப் பொடி டப்பாவை மறக்க வேண்டாம்.